லகரத்துக்கு அடியில் ஒரு வால்

முதலில் வந்தது அந்தச் சிவப்பு எண். ரங்கூன் லான்மடாவில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில், படிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு செங்கல் தூண் உண்டு. ஒரு நாள் காலையில் கடை திறக்க இறங்கி வந்தேன். தூணில் யாரோ சிவப்புப் பெயின்ட்டில் ஏழு என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பெயின்ட் காயக்கூட இல்லை. இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. துவைத்துத் துவைத்துத் துணி வெளுத்ததுதான் மிச்சம், கறை போகவில்லை.

கீழ்த்தளத்தில் பூட்டும் கீலும் தாழ்ப்பாளும் விற்கும் பாய், கடை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. இடது காது சுத்தமாகக் கேட்காது. அவருடைய பூட்டனார் ஏதோ கடற்கரை ஊரிலிருந்து கப்பலேறி வந்து வாங்கிய இடம் இது. நானும் என் அம்மாவும் இரண்டாம் மாடியில் அவருக்குக் குடித்தனக்காரர்கள்.

"நம்ம கதவு நம்பர் ஏழு இல்லையே தங்கச்சி," என்றார்.

"எதை எதை இடிக்கணும்னு எண்ணி வச்சிருப்பாங்க பாய். நம்மது ஏழாவது."

விளையாட்டாகத்தான் சொன்னேன். என் வாய் அப்படி. அவர் சிரிக்கவில்லை, நானும் தெருவுக்கு வந்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் டேப்போடு இரண்டு பேர் வந்து தூணுக்குத் தூண் அளந்தார்கள். யார் நீங்கள் என்று கேட்டேன். "அளக்கச் சொன்னாங்க, அமா," என்றான் ஒருவன். அமா என்றால் அக்கா. மரியாதையாகத்தான் பேசினான். யார் சொன்னது என்று கேட்டதற்கு டேப்பை அடுத்த தூணுக்கு இழுத்துக்கொண்டு போனான். அதற்கடுத்த வாரம் தொப்பி போட்ட ஒருவர் வந்து, தபால் பெட்டிகளில் ஒட்டியிருந்த எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தார். வார்டு ஆபீஸிலிருந்து குடும்பப் பட்டியலை மறுபடி கொண்டு வரச் சொன்னார்கள். போன மாதம்தான் காட்டியிருந்தோம். மூன்றாம் மாடிக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாமான்களை இறக்கி, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாடியில் காலடிச் சத்தம் இல்லாமல் போனதும் அம்மாதான் முதலில் பயந்தாள். அவள் படியிறங்கி மூன்று வருடம் ஆகிறது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. இந்த வீட்டை விட்டால் அவளை எந்த வீட்டு மாடிக்கு யார் தூக்கிக்கொண்டு போவது?

இடிக்க வரும் ஆள் யார் என்பது அப்புறம் தெரிந்தது. ஒரு கட்டட கான்ட்ராக்டர். அவர் கையில் ஒரு கிரயப் பத்திரம் இருந்தது. அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் பழைய கதைக்குப் போக வேண்டும்.

இந்த இடத்தை வாங்கும்போது பாயின் பூட்டனாருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். கொஞ்ச காலத்தில் மனஸ்தாபம். கூட்டாளி கட்டடத்தை விற்கப் பார்த்தார். பூட்டனார் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு முடியும்வரை யாரும் விற்கக் கூடாது, இடிக்கக் கூடாது என்று நீதிபதி ஓர் உத்தரவு போட்டார். வழக்கு முடிவதற்குள் கோர்ட்டே முடிந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் ரங்கூனில் இருந்த பழைய கோர்ட்டைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒரு பெரிய கோர்ட் வைத்தார்கள். நடந்துகொண்டிருந்த வழக்குகளுக்கெல்லாம் பட்டியல் போட்டு, கட்டுக் கட்டாகப் புதுக் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். பட்டியலில் ஏறிய வழக்கு அங்கே உயிரோடு இருந்தது. ஏறாத வழக்கை யாரும் தேடவில்லை. பாய் வீட்டு வழக்கு ஏறியதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அப்புறம் சண்டை வந்தது, வெள்ளைக்காரன் போனான், பதிவறைக் காகிதங்களில் பாதி எரிந்தது, மீதியைக் கரையான் தின்றது. கட்டடம் மட்டும் நின்றது. இப்போது கூட்டாளியின் வாரிசு என்று ஒருவர் முளைத்து அதை விற்றுவிட்டார்.

பாயின் வக்கீல் ஒரு பர்மியப் பெண். என்னைவிட இருபது வயது இளையவள். டீச்சரையும் வக்கீலையும் இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவோம், வயது பார்ப்பதில்லை. கோர்ட்டுக்கு எதிரே என்னுடைய ஜெராக்ஸ் கடை. காகிதம் எடுக்க வந்த இடத்தில் சயாமா எனக்கு இதைப் புரியவைத்தாள்.

"அமா, நீதிபதி கேட்கப் போறது ஒரே கேள்விதான். அந்தப் பழைய கேஸ் புதுக் கோர்ட்டுக்குப் போச்சா? போயிருந்தா இன்னிக்கும் தீர்ப்பில்லாம நிக்குது. அந்தத் தடையும் நிக்குது, யாரும் கைவைக்க முடியாது. போகலேன்னா பழைய கோர்ட்டோட தடையும் செத்துப்போச்சு."

"பட்டியல் எங்கே?"

"பட்டியல் இல்லே. பாய்கிட்ட ஒரு தமிழ் நோட்டு இருக்காம். அது ஒண்ணுதான். நீங்கதான் படிக்கணும்."

எனக்குத் தமிழ் படிக்க வந்தது ஆசையினால் இல்லை. என் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. அவர் கண் கெட்ட பிறகு ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் படிக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது என் தலையில் விழுந்தது. பிறகு பழைய பத்திரம், சாசனம் என்று யார் கொண்டுவந்தாலும் ஜெராக்ஸ் எடுப்பதோடு பர்மிய மொழியில் பெயர்த்தும் கொடுப்பேன். "மூலத்துக்கு மாறில்லாத மொழிபெயர்ப்பு" என்று அடியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்துவேன். முத்திரை குத்தும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒளிப்பானேன்.

நோட்டைப் பாய் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் பூட்டனார் கோர்ட்டுக்கோ வழக்கு வேலைக்கோ போன ஒவ்வொரு நாளும் வந்து எழுதிய குறிப்புகள். நல்ல திருத்தமான கையெழுத்து. ஆனால் காதில் விழுந்த பர்மியச் சொல்லை எல்லாம் அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவைக்கும் பழக்கம் அவருக்கு. கடைசிக் குறிப்பு இப்படி இருந்தது:

"கோர்ட்டுக்குப் போனேன். புதுக் கோர்ட்டு லிஸ்டு ஒட்டியிருக்கிறது. நமது நம்பர் ல்வே என்று குமாஸ்தா சொன்னான். அல்லா போதுமானவன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கோர்ட்டுக்கே போகவில்லை.

இந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பர்மிய மொழியில் ஹ்ல்வே என்று ஒரு சொல், ல்வே என்று ஒரு சொல். ஹ்ல்வே என்றால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக் கொடுப்பது. கோர்ட்டில் வழக்கை மாற்றுவதற்கும் அதுதான். ல்வே என்றால் தவறிப்போவது, விட்டுப்போவது. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்; முதல் சொல்லில் மட்டும் லகரத்துக்கு அடியில் வால் மாதிரி ஒரு சின்னக் கோடு கூட இருக்கும். வாயில் சொல்லும்போது லகரத்துக்கு முன்னால் மூச்சு லேசாக வெளியே போக வேண்டும். பர்மியக் குழந்தைகளுக்கு இரண்டு வயதில் வந்துவிடும். நம் ஆட்கள் பலருக்கு அறுபதிலும் வராது.

என் அப்பாவுக்கு வரவில்லை. ஹ்லே என்றால் படகு, லே என்றால் காற்று. போட்டாதாங் துறையில் வேலை பார்த்த மனிதர், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "லே ஏறி டாலா போயிட்டு வர்றேன்" என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். "காத்துல ஏறிப் போறார், பார்த்துப் போகச் சொல்லு," என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். சாகும்வரை அவர் காற்றில் ஏறித்தான் டாலா போனார்.

அதனால் நோட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை. தமிழ்க் காது, ஹகாரத்தை விட்டுவிட்டு ல்வே என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான் என்று நினைத்தேன். பாயிடம் கேட்டேன்.

"வீட்ல இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுவாங்க பாய்?"

"எங்க வீட்ல அது தனிச் சொல்லும்மா. முடியாம கெடக்குற எதுக்கும் ல்வேல கெடக்குன்னுதான் சொல்லுவோம். என் தங்கச்சி நிக்காஹ் ரெண்டு வருசம் ல்வேல கெடந்துச்சு." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாத்துனதா, தவறுனதான்னு வாப்பாவுக்கே சந்தேகம். ஒருத்தரும் கோர்ட்ல போய்க் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாங்களோன்னு பயம். கேக்காம இருந்தா ரெண்டும் இருக்குல்ல?"

இதைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு குடும்பமே நாலு தலைமுறையாக ஒரு சொல்லின் பொருளைக் கேட்கப் பயந்துகொண்டு, அந்தப் பயத்தின் மேலேயே பூட்டுக் கடை வைத்து நடத்திக்கொண்டிருக்கிறது. என்ன ஜனங்கள் என்று நினைத்தேன். அந்த எரிச்சலில் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குத்தான் தைரியம் இருக்கிறதாக்கும்.

இருபதாம் பக்கத்தில் டாலா வந்தது. கூட்டாளிக்கும் பூட்டனாருக்கும் நடந்த பேச்சைக் கேட்ட சாட்சி ஒருவர் டாலாவில் இருந்திருக்கிறார். அவரைப் பார்க்கப் பூட்டனார் ஆற்றைக் கடந்து போகிறார். "காலையில் ஹ்லே ஏறினேன்," என்று எழுதியிருந்தார். ஹகாரம். சுழித்து, புள்ளி வைத்து, தெளிவாக. அரபுப் பெயர்களை எழுதிப் பழகிய கை. ஹகாரம் அவருக்குச் சிரமமே இல்லை. அதற்கடுத்த பக்கத்தில், "திரும்ப ஹ்லே கிடைக்கவில்லை". அதற்கடுத்து, "ஹ்லேக்காரன் குடித்திருந்தான்". பதினொரு இடத்தில் படகு வந்தது. பதினொரு இடத்திலும் ஹகாரம் இருந்தது. காற்று என்று எழுத வேண்டிய ஓர் இடத்தில், பெருங்காற்று அடித்த நாளில், லே என்று ஹகாரம் இல்லாமல் சரியாக எழுதியிருந்தார்.

என் அப்பாவுக்கு இல்லாத காது இந்த மனிதருக்கு இருந்திருக்கிறது. அப்படியானால் அவர் ல்வே என்று எழுதினால் குமாஸ்தா ல்வே என்றுதான் சொல்லியிருக்கிறான். நம்பர் பட்டியலில் விட்டுப்போயிற்று. அதனால்தான் அந்த மனிதர் அல்லா போதுமானவன் என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கோர்ட் வாசலை மிதிக்கவில்லை. ஒரு நூறு வருடமாக அந்தக் கட்டடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது இல்லாத ஒரு வழக்கு.

நோட்டை மூடினேன். வெளியே ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. கடைக்கு யாரோ அடையாள அட்டையை லேமினேட் பண்ண வந்தார்கள். தலைகீழாக வைத்துப் பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மொழிபெயர்ப்பை வீட்டில் வைத்து அடித்தேன். பிற்பகல், கரண்ட் இருந்த நேரம். அம்மா கட்டிலில் சாய்ந்து தர்ப்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அந்த வரி வந்ததும் நிறுத்தினேன்.

"அம்மா, ஹ்ல்வே, ல்வே. ரெண்டையும் சொல்லு," என்றேன்.

சொன்னாள். எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! "எதுக்குக் கேக்குற? உங்கப்பா ஞாபகமா?"

"ஆமா."

பொய்தான். அவளுடைய முழங்கால்களைப் பார்த்தேன். இரண்டிலும் தைலம் தேய்த்துத் துணி சுற்றியிருந்தது. பார்த்துவிட்டு வாலைப் போட்டேன். கீபோர்டில் ஒரு தட்டு. திரையில் லகரத்துக்கு அடியில் அந்தச் சின்னக் கோடு வந்து உட்கார்ந்தது. "எங்கள் எண் மாற்றப்பட்டது என்று குமாஸ்தா சொன்னார்." அவசரத்தில் அந்த ஒரு தடவை ஹகாரத்தை விட்டிருக்கலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே தெரியும், விட்டிருக்க மாட்டார். மூலத்துக்கு மாறில்லாத மொழிபெயர்ப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு மட்டும் முத்திரை குத்தக் கர்வம் வரவில்லை. பயமாக இருந்தது.

மறுநாள் பாயிடம் கொடுத்தேன்.

"ல்வேன்னா மாத்திட்டாங்கன்னு அர்த்தம் பாய். உங்க கேஸ் புதுக் கோர்ட்டுக்குப் போயிருக்கு. இனிமே சந்தேகமே வேண்டாம்."

அவர் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத மாதிரி தடவிப் பார்த்தார். பர்மிய எழுத்து அவருக்குத் தெரியும். ஆனாலும் தடவினார். "நூறு வருசமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தோம் தங்கச்சி," என்றார். கண் கலங்கிவிட்டது. நான் கடையில் வேலை இருக்கிறது என்று ஓடிவந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் அந்தச் சொல்லின் பொருள் மாறிவிட்டது. பேத்திக்குப் பள்ளிக்கூடம் மாற்றியதைக்கூட "ல்வே பண்ணியாச்சு" என்று சொன்னார். படியில் என்னைப் பார்த்தால், "நம்ம கேஸ் ல்வே, தெரியும்ல?" என்பார். ஒவ்வொரு தடவையும் அவர் வாயில் அது வாலில்லாமல்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது.

சயாமா தாளைத் தாக்கல் செய்தாள். கட்டடத்தில் அளக்க வருவது நின்றது. நீதிபதி அதுவரை இடிக்கக் கூடாது என்று தற்காலிகத் தடை போட்டு, இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். அதற்கு நடுவே இரண்டு காரியம் நடந்தது. நகரத்தின் மாவட்டக் கோடுகளை மாற்றி வரைந்து, கோர்ட்டுகளையும் மறுபடி பிரித்தார்கள். எந்த வார்டு எந்தக் கோர்ட்டுக்கு என்று தெரியாமல் என் கடைக்கு வருகிறவர்கள் என்னையே கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும், எரிந்து விழுந்தேன். இரண்டாவது, சயாமாவின் போன் நின்றுபோனது. முதலில் எடுக்கவில்லை, பிறகு மணியே அடிக்கவில்லை. அவள் ஆபீஸ் இருந்த மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு. பாய் கடைப் பூட்டுதான், எனக்கு அந்த மஞ்சள் பூட்டைத் தெரியும். எதிர்க் கதவைத் திறந்த பெண்மணி, "அவங்களைக் கேக்காதீங்க அமா," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். படியிறங்கும்போது யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

தேதி அன்று நான் பாயோடு போயிருக்க வேண்டும். போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் முறை வைத்துக் கொடுக்கும் கரண்ட் அன்று எங்கள் பக்கம் காலையில் வந்தது. நாலு நாள் வேலை குவிந்து கிடந்தது. இதெல்லாம் நான் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் அந்த நீதிபதி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று நடுங்கினேன். "நீங்க போய் உக்காந்தா போதும் பாய், எல்லாம் தாள்ல இருக்கு," என்று அனுப்பிவிட்டேன். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் அந்தத் துண்டு சுற்றிய நோட்டு. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி போனார்.

மத்தியானம் திரும்பி என் கடைக்கே வந்தார். கையில் அம்மாவுக்கென்று ரவை கேக் பொட்டலம். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"ல்வேயாம் தங்கச்சி! இந்தக் கேஸையும் ல்வே பண்ணிட்டாங்க! இனி அங்கருந்து கடுதாசி வரும், அப்ப போனாப் போதும். மாத்த மாத்த நமக்கு நல்லதுதானே? பூட்டனாருக்கு நூறு வருசம் கெடச்சிச்சு. எனக்கு ஒரு பத்து வருசம் கெடச்சா மவுத்தாகுற வரைக்கும் இங்கயே இருந்துக்குவேன்."

"யார் சொன்னா?"

"கண்ணாடிக்குப் பின்னால ஒரு பொண்ணு. வெளியே ஜெனரேட்டர் சத்தம், வாயில மாஸ்க் வேற. நான் இந்தக் காதைத் திருப்பி நம்பரைச் சொன்னேன். பாத்துட்டு ல்வேன்னு சொல்லுச்சு. எனக்குச் சரியா கேக்கலியோன்னு நெனச்சி ரெண்டு தடவை சொல்லுச்சு. நல்ல புள்ள."

ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"ரெண்டு தடவையும் ஒரே மாதிரியா சொல்லுச்சு பாய்?"

"ஒரே சொல்லுதானே," என்றார். "நீதானே அர்த்தம் சொல்லிக்கொடுத்தே."

ஒரு குமாஸ்தா எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டாள். இருபது வருடமாகக் கோர்ட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். ஒரு தடவை சொல்ல வைப்பதே பெரும்பாடு. அவள் சொன்னது இரண்டு சொல் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும், அவர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை என் கையில் வைத்தபோது வாங்கித் தின்றேன். "நாளைக்கு நானே போய்க் கேட்டுட்டு வர்றேன் பாய்," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கடையைத் திறக்காமல் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அதே பெண்தான். நம்பரைச் சொன்னேன். நேற்றுக் கிழவரிடம் சொல்லிவிட்டேனே என்று அலுத்துக்கொண்டு, நேற்றைப் போலவே சொன்னாள். ஹ்ல்வே, புதுக் கோர்ட்டுக்கு. அங்கே போன மாதமே கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் வரவில்லை. ல்வே.

புதுக் கோர்ட் நாலு தெரு தள்ளி. வாசல் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. பாயின் எண் அதில் இருந்தது. அதற்கு எதிரே, மனுதாரர் தரப்பு வராததால் தடை நீக்கப்பட்டது என்று ஒரு வரி. அப்பீல் செய்யக் கொடுத்த நாட்களும் போன வாரத்தோடு முடிந்திருந்தன. அறிவிப்பை சயாமாவின் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பூட்டுத் தொங்கிய கதவுக்கு அடியில் அது கிடந்திருக்கும். ஆனால் பழி முழுவதையும் அந்தக் கதவின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், பாய் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வழக்கம்போலப் பயந்திருப்பார். பழைய கேஸைப் பற்றிக் கேட்கத்தான் அவருக்குப் பயம்; பயந்த மனுஷன் தன் தேதியையாவது மறுபடி ஒரு தடவை விசாரிப்பான். முன்கூட்டியே வந்து பலகையைப் பார்த்திருப்பார். அந்தப் பயத்தை நான்தான் அவரிடமிருந்து பிடுங்கினேன்.

திரும்பி வரும்போது எங்கள் தெரு முனையிலேயே பார்த்துவிட்டேன். கட்டடத்துக்கு முன்னால் லாரி ஒன்று நின்றது. மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள், சாரம் கட்டுவதற்கு. தொப்பிக்காரர் தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாக விலகி வழி விட்டார். இரண்டாம் மாடி ஜன்னலில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

பாய் கடைக்குள் உட்கார்ந்து பூட்டு ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூங்கிலை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பக்கத்துக் கட்டடத்துக்கு என்று நினைத்திருப்பார். என்னைக் கண்டதும் நல்ல காதை என் பக்கம் திருப்பினார்.

"என்ன சொன்னாங்க தங்கச்சி?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை. அந்த ஒரு சொல்தான் வந்தது. வாலில்லாமல், என் அம்மா சொல்வது போலச் சுத்தமாகச் சொன்னேன்.

"ல்வே, பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு அவர் பூட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

பிறகு அதையே தமிழில் சொன்னேன். "தவறிப்போச்சு, பாய்."